நீல விளக்கில் மின்னிய டாலர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றுப் போனவளை இத்தனை வருஷம் கழித்துத் தேடி வந்து மரியாதையாகக் கேட்கிறார்களே, இதில் என்ன உள்நோக்கம் இருக்கும் என்றுதான் முதலில் யோசித்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அதனால் எழுதுகிறேன். தட்டுப்பட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

என் குணம் இதுதான். விருத்தாசலத்தில் ஜங்ஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இருந்த டிராவல்ஸ் கடையில், முன்பக்கம் டிக்கெட், உள்பக்கம் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கவுண்டர். அந்தக் கவுண்டருக்கு நான் பொறுப்பு. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆன காலம். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று ஊர் கிளம்பிக்கொண்டிருந்தது. என்னைச் சந்தேகப் பேய் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

ரேட் எப்படிப் பார்ப்பது, பாஸ்போர்ட்டில் எங்கே சீல் அடிப்பது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே உங்களுக்குச் சொல்லித் தந்துவிடும். யாரை, எதை, எந்த வரிசையில் சந்தேகப்படுவது என்று அது சொல்லித் தராது.

எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் ஒரு பழைய கேஷியர். எந்த நோட்டையும் காதருகே கொண்டுபோய்ச் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போடுவார். "மொதல்ல நோட்ட சந்தேகப்படு. அப்புறம் அத்த நீட்டற கைய சந்தேகப்படு. நம்ம ஆளுங்க எல்லாத்தையும் தலகீழா பண்றானுங்க" என்பார். கேட்டபோது சாதாரணமாகத்தான் இருந்தது. பின்னால் ஒரு நாள் அந்த வரிசையை நானே மறந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் சின்னதாக ஒன்று.

அப்போதெல்லாம் டிராவலர்ஸ் செக் என்று ஒன்று உண்டு. உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். வாங்கும்போது எங்கள் முன்னால் ஒரு கையெழுத்து, வெளிநாட்டில் மாற்றும்போது அங்கிருப்பவர் கண் முன்னால் இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால் பணம். தொலைந்தால் திரும்பக் கிடைக்கும். பாதுகாப்பான ஏற்பாடு. திட்டக்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர், மகளைப் பார்க்க மலேசியா போவதற்காக என்னிடம் வாங்கினார். பத்திரத்தில் காலி இடம் விட்டால் எவனாவது எதையாவது எழுதிக்கொள்வான் என்று காலமெல்லாம் உஷாராக இருந்த மனிதர். வீட்டுக்குப் போனதும் நிதானமாக உட்கார்ந்து, காலியாக இருந்த இரண்டாவது இடத்திலும் எல்லாச் செக்கிலும் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டார். கோலாலம்பூரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. மருமகன் கையை எதிர்பார்த்து நின்று, அவமானத்தோடு திரும்பி வந்து என்னிடம் சண்டை போட்டார்.

அவர் ஏமாளி இல்லை. எச்சரிக்கையான ஆள். ஆனால் அது உள்ளூர் எச்சரிக்கை. நம்மூரில் நம்மைக் காப்பாற்றுகிற பழக்கமே கடல் தாண்டினால் காலை வாரிவிடும். அன்றிலிருந்து, பணத்தை வாங்கிப் போகிறவரிடம், "வூட்டுக்குப் போயி இத்த என்னா பண்ணுவீங்க?" என்று கேட்காமல் அனுப்பியதில்லை. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று முறைப்பார்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

அறிவழகனிடமும் கேட்டேன்.

அறிவழகனுக்குச் செராமிக் எஸ்டேட்டில் சின்ன யூனிட். பியூஸ் கேரியர், அகல் விளக்கு, பொம்மை என்று செய்து சூளையில் சுட்டு அனுப்புவார். சீனத்துச் சாமான்கள் மலிவாக வந்து இறங்கியதும் ஆர்டர் குறைந்துபோனது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, சீனாவுக்கே போய் அவர்கள் ஓட்டிய பழைய மெஷின் ஒன்றை வாங்கி வருவது. இவரைப்போன்ற சில முதலாளிகள் ஒரு தரகர் மூலம் கூட்டமாகக் கிளம்பினார்கள். மெஷினுக்கு அட்வான்ஸ் அங்கேயே கட்ட வேண்டும். அதற்காக அவர் மனைவி தனத்தின் நகைகள் விற்கப்பட்டிருந்தன.

ஆள் கறுப்புச் சட்டைக்காரர். கூட்டங்களில் மேடையேறிச் சாமி இல்லை என்று பேசுகிறவர். கவுண்டர் மேல் இருந்த லட்சுமி படத்தைப் பார்த்தார்.

"இந்தம்மாவுக்கு இன்னிக்கி டாலர் ரேட்டு தெரியுமா மேடம்?"

"எனக்குத் தெரியும். அது போதும். உக்காருங்க" என்றேன்.

என்னையே மிஞ்சிய சந்தேகக்காரரை நான் அன்றுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் டிராவலர்ஸ் செக்காக வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், "காயிதத்துக்கு எவன் காசு குடுப்பான்?" என்றார். மன்றாடிப் பார்த்துக் கொஞ்சத்தை மட்டும் செக்காக வாங்க வைத்தேன். மீதி எல்லாம் நூறு டாலர் நோட்டுகளாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம். அந்த நோட்டுகளும் நல்லவைதானா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

எங்கள் கவுண்டரில் ஒரு நீல விளக்கு உண்டு. அதனடியில் நல்ல டாலர் கறுத்துக் கிடக்கும், உள்ளே ஓடும் நூல் மட்டும் சிவப்பாகத் தெரியும். கள்ள நோட்டின் தாள், சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி பளீரென்று மின்னும். அவரைக் கவுண்டருக்குள்ளேயே அழைத்து, ஒவ்வொரு நோட்டாக விளக்கடியில் வைத்துக் காட்டினேன். எல்லாம் கறுப்பு. திருப்தியாகத் தலையாட்டினார்.

"வூட்டுக்குப் போயி இத்த என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பீரோவுல வச்சிப் பூட்டுவன். வேற என்னா, பூஜை போடுவன்னு நெனச்சீங்களா?"

நான் சிரித்தேன். கேட்ட கேள்வி சரி. ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஆள் அவர் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

நோட்டுகளைக் கவரில் போட வேண்டியது ஜெசிந்தாவின் வேலை. எங்கள் கவுண்டரில் கேஷ் பார்த்த பெண். மாதா கோயில் தெருவில் வீடு. சேத்தியாத்தோப்பில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. தடித்த கவர் உள்ளறையில் இருந்ததால் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், கவரில் போட்டு எடுத்து வந்தாள். அவர் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். வாடிக்கையாளரின் பணம் அவர் கண்ணை விட்டு ஒரு நொடிகூட மறையக் கூடாது என்பது விதி. அன்று மறைந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சும்மா இருந்துவிட்டேன். பெரிய தப்புகள் எல்லாம் உங்களைத் தேடி வருவதற்கு இப்படிப்பட்ட ஒரு சின்ன வாசல் போதும்.

அவர் விமானம் ஏறிச் சில நாட்கள் ஆகியிருக்கும். காலையில் கடை திறந்த சூட்டில் போன் வந்தது. சீனாவிலிருந்து அறிவழகன். எடுத்ததும் கத்தல்.

"அத்தனையும் கள்ள நோட்டு! மனுசங்களா நீங்க?"

பணம் மாற்றும் கடையில் கொடுத்திருக்கிறார். அவர்களும் நீல விளக்கில் வைத்திருக்கிறார்கள். மின்னியிருக்கிறது. அடுத்த நோட்டு, அதுவும் மின்னியிருக்கிறது. கட்டை அவர் பக்கமே தள்ளிவிட்டு, போலீஸைக் கூப்பிடுவதற்குள் போய்விடு என்பதுபோல் கையைக் காட்டியிருக்கிறார்கள். வேறொரு கடையிலும் அதே கதி.

"கூட வந்தவனுங்களே தள்ளித் தள்ளி உக்காருறானுங்க. தரகன் பேசவே மாட்டன்றான். நீங்க காட்டும்போது ஒரு நோட்டும் மின்னலியே! நான் என் கண்ணால பாத்தனே! அந்தப் பொண்ணு உள்ள எடுத்துட்டுப் போச்சே, அங்கதான் மாத்தியிருக்குது!"

மதியம் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. விளக்கடியில் கறுப்பாக இருந்ததை நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு நோட்டு எங்கள் கண்ணை விட்டு மறைந்தது ஒரே ஓர் இடத்தில்.

என் மூளை எப்படி ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். முதலில் அறிவழகனைச் சந்தேகப்பட்டேன். அவ்வளவு அக்கறையாக விளக்கில் பார்த்தது, பிறகு இப்படிக் குற்றம் சாட்டத்தானோ? பிறகு ஜெசிந்தாவைச் சந்தேகப்பட்டேன். கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கும் வீடு அது. நோட்டை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. கள்ள நோட்டு என்று ஒருவர் சொன்னதும் அதை அப்படியே விழுங்கிவிட்டு, செய்தது யார் என்று தேடக் கிளம்பிவிட்டேன். பழைய கேஷியர் சொன்ன வரிசை தலைகீழாகிவிட்டது.

அதற்குள் கடலூரிலிருந்து முதலாளி போனில் வந்துவிட்டார். அறிவழகன் அவரையும் விடவில்லை.

"கேஷ் பாக்கற பொண்ணு கையிலதான போச்சி? சாயந்தரத்துக்குள்ள அதுகிட்ட எழுதி வாங்குங்க. தரலன்னா ஸ்டேசனுக்குப் போயிடலாம்."

"எழுதி வாங்கினா அதோட கல்யாணம் நின்னுபோவும் சார்."

"என் லைசென்ஸு போவும்மா. அத்த யாரு பாக்கறது?"

அவர் சொன்னதும் தப்பில்லை. கள்ள நோட்டு விற்ற கடை என்று பெயர் வந்தால் அடுத்த நாள் ஷட்டர் திறக்க முடியாது.

ஜெசிந்தாவுக்கு ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் காதில் விழுந்திருந்தது. எழுந்து வந்தாள். தன் கைப்பையை என் மேசைமேல் தலைகீழாகக் கொட்டினாள். சீப்பு, ஜெபமாலை, பஸ் டிக்கெட், டிபன் டப்பா.

"நான் எடுத்தன்னு நெனக்கிறீங்களா அக்கா?"

"எடுத்தன்னு நெனக்கல. எடுக்கலன்னும் சொல்ல மாட்டன்."

அவள் அழவில்லை. கொட்டியதை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். "என்னைய பத்தி எல்லாந் தெரியும் உங்களுக்கு. ரெண்டு வருசமா உங்க பக்கத்துல உக்காந்து சாப்புடறன். அப்பறமும் இப்படிச் சொல்றீங்க" என்றாள். ஆனாலும் நான் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆறுதலுக்காக ஒருவரை நம்புவது நம் தொழிலில் கிடையாது. நம்பிக்கை வேண்டுமானால் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொண்டு வர வேண்டும்.

மதியம் அறிவழகன் கூப்பிட்டார். காலையில் நான் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"கள்ள நோட்டுன்னு யாரு சொன்னது? அவங்க வாயால சொன்னாங்களா?"

"அவன் பாஷ எனக்கு என்னா தெரியும்? லைட்டுல மின்னுச்சி. நாந்தான் சொல்றன்."

"சரி. எப்படி மின்னுச்சி? நோட்டு முழுசுமா?"

கொஞ்சம் யோசித்தார். "முழுசும் இல்ல. ஓரத்துல."

"ஓரத்துல எங்க?"

"மூலையில. நாலு மூலையிலயும்."

"நடுவுல?"

"நடுவுல கறுப்பாத்தான் இருந்திச்சி."

கள்ளத் தாள் மின்னினால் முழுசாகத்தான் மின்னும். நாலு மூலையை மட்டும் கள்ளத்தனமாக அடிக்கிற அச்சகம் உலகத்தில் எங்கேயும் இருக்காது. நாலு மூலை, நாலு மூலை என்று மனம் அடித்துக்கொண்டது. முகூர்த்த மாசம். கவுண்டர் ஓரத்தில், யாரோ ஒரு வாடிக்கையாளர் வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை கிடந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். எடுத்து நீல விளக்கடியில் வைத்தேன்.

நாலு மூலையும் மின்மினி மாதிரி பச்சை கலந்த மஞ்சளாக எரிந்தன.

"மேடம்? மேடம், லைன்ல இருக்கறீங்களா?" என்று போனில் அறிவழகன் கத்திக்கொண்டிருந்தார்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உங்கள் டாலரில் யாரோ மஞ்சள் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கடை பிழைக்கும். ஆனால் யார் வைத்தது? கறுப்புச் சட்டைக்காரர் வைக்க மாட்டார். பீரோ சாவி வேறு யார் கையில் இருக்கும்? சாமி பெயரைச் சொன்னாலே வீட்டில் சத்தம் போடுகிற மனுஷன். அப்படிப்பட்டவருக்கு, அயல்நாட்டில் அவமானப்பட்டு நிற்கிற நேரத்தில், போன் வழியாக இதைச் சொன்னால் அந்தக் கோபம் எங்கே போய் விழும்? தவிர, இது இன்னும் என் சந்தேகம்தான். நான் பார்த்தது ஒரு கல்யாணப் பத்திரிகையை, அந்த டாலரை இல்லை.

"நோட்டு நல்ல நோட்டுதான். ரோட்டுல எவங்கிட்டயும் மாத்தாதீங்க. இப்போதைக்கு அந்த டிராவலர்ஸ் செக்க மாத்திச் சாப்புடுங்க. நாளைக்கி இதே நேரத்துக்குக் கூப்புடுங்க" என்றேன். காகிதம் என்று அவர் கேலி பேசிய செக்குதான் அந்த நாட்களில் அவருக்குச் சோறு போட்டது. பணத்தை ஒரே ரூபமாகக் கொண்டுபோக விடாதீர்கள் என்று நான் தொண்டை வற்றக் கத்துவது இதற்காகத்தான்.

ஆட்டோ பிடித்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தனம் மட்டும்தான் இருந்தார். காப்பி கொடுத்தார். குடிக்காமல் கேட்டேன்.

"டாலர் கட்ட நீங்க தொட்டீங்களா?"

"நான் ஏம்மா அத்தத் தொடப் போறன்?"

"அவரு பணத்தோட மாட்டிகிட்டு நிக்கறாரு. எங்க கடையில ஒரு பொண்ணு திருடின்னு பேரு வாங்கப் போவுது. இப்பச் சொல்லுங்க, தொட்டீங்களா?"

தனம் எழுந்து சமையலறைக்குள் போனார். பின்னாலேயே போனேன். பருப்பு, மிளகாய் டப்பாக்களை நகர்த்தினார். அவற்றுக்குப் பின்னால், அலமாரியின் ஆழத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கொளஞ்சியப்பர் படம். முன்னால் சின்னக் கிண்ணத்தில் குழைத்துக் காய்ந்த மஞ்சள். அந்த வீட்டில் சாமி மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"என் நகைங்கம்மா அது. எங்கம்மா போட்டு அனுப்பனது. எல்லாம் காயிதமா மாறி, கண்காணாத சீமைக்குப் போவுது. ஒரு பொட்டு மஞ்சளு வைக்காம எப்பிடி அனுப்புவன்? அவரு குளிக்கப் போன நேரத்துல கட்டோட நாலு மூலையிலயும் தொட்டு வச்சிட்டு, ஒத்தி எடுத்துட்டன். தெரியவே தெரியாதுன்னு நெனச்சன்."

தெரியத்தான் இல்லை. ஈர மஞ்சள் கட்டின் ஓரத்தில் ஊறி, ஒவ்வொரு நோட்டிலும் மயிரிழை அளவுக்குப் பரவியிருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அது, நீல விளக்குக்குத் தெரிந்துவிட்டது.

"அவருக்குத் தெரியக் கூடாதும்மா. பேச்ச நிறுத்திடுவாரு. ஒரு தடவ வெளக்கேத்தனதுக்கே மாசக்கணக்கா பேசல. அவரு வரட்டும், நானே பதமா சொல்லிடறன்."

"சொல்லுவீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க. ஆனா அது வரைக்கும் பொறுத்துக்குங்க."

நம்பவில்லைதான். ஆனால் பொறுத்துக்கொண்டேன். முதலாளிக்குப் போன் செய்து, நோட்டு நல்லதுதான், ஓரத்தில் கறை பட்டிருக்கிறது, அறிவழகன் திரும்பி வந்ததும் உங்கள் எதிரிலேயே நிரூபிக்கிறேன், தவறினால் என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அரை மனதாக ஒப்புக்கொண்டார். அதுவரை அந்தப் பெண் கேஷைத் தொடக் கூடாது என்றார்.

ஜெசிந்தாவிடம், "நீ எடுக்கல. எனக்குத் தெரிஞ்சிடுச்சி" என்றேன்.

"எப்படித் தெரிஞ்சிது?"

"அத்த இப்ப சொல்ல முடியாது."

"அப்ப ஊருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கவுண்டரில் போய் உட்கார்ந்தாள். அவள் சொன்னது சரி. ஏன் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாய் என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா, டிக்கெட் விசாரிக்கிற சாக்கில் வந்து, அவளையும் கடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பில்லாத முகத்தைப் பார்த்தபோது, தனத்துக்குக் கொடுத்த வாக்கு எனக்கு முள்ளாகக் குத்தியது. இரண்டு பெண்களில் யாரைக் காப்பாற்றுவது என்று எந்த விதிப் புத்தகமும் சொல்லாது.

மறுநாள் அறிவழகன் கூப்பிட்டதும் சொன்னேன். வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை பட்டால் நாம் என்ன செய்வோமோ, அதேதான்.

"நோட்ட எல்லாம் வெயில்ல காய வைங்க."

"என்னாது? டாலரு என்ன வத்தலா, வெயில்ல காய வைக்க?"

"ஓரத்துல ஏதோ ஈரம் பட்டிருக்குது. காயட்டும். காஞ்சதும் எங்க ரசீதோட பெரிய பேங்கா பாத்துப் போங்க. அங்க விளக்க மட்டும் பாக்க மாட்டாங்க, தாளுக்குள்ள இருக்கற உருவத்தையும் பாப்பாங்க."

"எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க மேடம்."

"ஆமா" என்றேன். "காய வைங்க."

ஓட்டல் அறையின் ஜன்னல் ஓரத்தில் டாலர்களைப் பரப்பி, வெயில் இருக்கும்வரை பக்கத்திலேயே காவல் இருந்திருக்கிறார். மறுநாளும் அப்படியே. மஞ்சள் வெளுத்தபிறகு பேங்கில் வாங்கிக்கொண்டார்கள். மெஷினுக்கு அட்வான்ஸும் கட்டிவிட்டார். ஆனால் மனுஷன் ஒரு நோட்டை மட்டும் வெயிலில் காட்டாமல் புத்தகத்துக்குள் வைத்து எடுத்து வந்தார், எங்கள்மேல் கேஸ் போடுவதற்கு ஆதாரமாக! என்னைவிடக் கெட்டிக்காரர்.

ஊர் திரும்பியதும் தனத்தையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நகை விற்ற பணம் என்பதால் அவளும் கேட்கட்டும் என்றார். கடலூரிலிருந்து முதலாளியும் வந்திருந்தார். தனத்தின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இன்னும் சொல்லவில்லை. ஜெசிந்தா டிக்கெட் கவுண்டரிலிருந்து எழுந்து வந்து சுவரோரம் நின்றாள்.

அறிவழகன் அந்த ஒற்றை நோட்டை என் முன்னால் வைத்தார். "இப்ப போடுங்க உங்க லைட்ட."

போட்டேன். நாலு மூலையும் எரிந்தன. முதலாளி ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இனிப் பொறுக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையை எடுத்து அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே நிறம், அதே நாலு மூலை.

அறிவழகன் குனிந்து பார்த்தார். பத்திரிகையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்தார். பிறகு நோட்டை முகர்ந்தார். மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். தனத்தின் முகத்தில் இரத்தமே இல்லை. ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தார்.

"நாந்தான் வச்சன்" என்று முந்திக்கொண்டார் அறிவழகன்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களா? கறுப்புச் சட்டை போட்டுகிட்டு மேடையில பேசற நீங்களா?"

"மொத தடவ பிளேன் ஏறனன். பொண்டாட்டி நகைய வித்த காசு. பயம் வந்துடுச்சி. மூலைக்கி மூலை மஞ்சள வச்சன். போதுமா? ஊர்ல போயி சொல்லிக்குங்க." குரல் உயர்ந்து, சட்டென்று தணிந்தது. ஜெசிந்தா பக்கம் திரும்பினார். எந்தக் கோயில் வாசலிலும் சேராத அந்தக் கைகள் சேர்ந்தன. "உன் பேர நான் கெடுக்கப் பாத்தன். மன்னிச்சிடும்மா. சேத்தியாத்தோப்புக்கும் நானே போயி சொல்லிடறன்."

அது பொய் என்று எனக்குத் தெரியும். அங்கே நின்ற இன்னொருவருக்கும் தெரியும், அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்குக் கேள்விகள் நாக்கில் ஊறின. எந்தக் கிண்ணத்து மஞ்சள்? எந்த விரலால் வைத்தீர்கள்? தெரிந்தே வைத்துவிட்டுக் கள்ள நோட்டு என்று ஏன் கத்தினீர்கள்? ஒரே ஒரு கேள்வியில் அந்தப் பொய்யை உடைத்திருக்கலாம். வாழ்க்கையெல்லாம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

"நம்பறங்க" என்று சொல்லி நீல விளக்கை அணைத்தேன்.

ஜெசிந்தா மறுநாளே கேஷுக்குத் திரும்பினாள். என்னிடம் பேச இன்னும் சில நாள் பிடித்தது. அது அவள் உரிமை. சந்தேகப்பட்டதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. கண்டுபிடிக்கும்வரை நான் நிறுத்தவில்லை என்பதை மட்டும் பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தாள். சிலுவை போட்ட வெள்ளை அட்டை. அவர்கள் வீட்டில் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கும் வழக்கம் இல்லை. எனக்குத் தந்ததிலும் இல்லை, முதலாளிக்குத் தந்ததிலும் இல்லை. அறிவழகன் கடைக்கு வந்தபோது அவருக்கென்று எடுத்து நீட்டினாளே, அதில் மட்டும் நாலு மூலையிலும் பளிச்சென்று மஞ்சள்.

"நீங்க வைக்கற மாதிரியே வச்சிருக்கன் சார்" என்றாள்.

அறிவழகன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "வூட்டுல குடுத்தா சந்தோசப்படுவாங்க" என்று சொல்லி, கறுப்புச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவளுக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.